இங்கிலீஷ்காரன் தானம் கொடுத்த லாச்சி அலுமாரி

மொன்றியலில் வந்து இறங்கி இரண்டு மணித்தியாலம் ஆகவில்லை, ஒரு பஸ் நிறைந்த சனம் எனக்காகச் சத்தம் போட்டது.

அதற்கு முன்பே, பஸ் தரிப்பிடத்தில் முதல் அடி விழுந்துவிட்டது. சனங்கள் ஒருவர் பின் ஒருவராக, நூல் பிடித்து நிறுத்தியதுபோல் நின்றார்கள். வரிசை என்பது பிரித்தானியருக்கு உறுதி எழுதிக் கொடுத்த சொத்து என்று இருபத்தொரு வருடமாக நம்பியிருந்தவன் நான். உண்மையில் லண்டன் பஸ் தரிப்பில் இப்போது வரிசையே இல்லை. ஒரு கும்பல் நிற்கும். யார் யாருக்கு முன்னால் வந்தார் என்பதை ஒவ்வொருவரும் மனத்துக்குள் வைத்திருப்பார்கள். யாராவது மீறினால் பெருமூச்சு விடுவார்கள். இங்கே பெருமூச்சுக்கு வேலையில்லை. வாலில் போய் நின்றேன்.

இறங்கும் இடம் வந்ததும் பின்கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, சாரதி திறப்பார் என்று காத்திருந்தேன். இங்கே இறங்குகிறவர்தான் கதவைத் தள்ளவேண்டுமாம். பஸ் நகரத் தொடங்கியது. லண்டனில் என்றால் அடுத்த தரிப்பில் இறங்கி, அங்கேதான் வர நினைத்தவன்போல் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி நடந்திருப்பேன். அந்த முகத்தை நான் தயார்செய்துகொண்டிருக்கும்போதே, பக்கத்தில் மரக்கறிப் பையோடு நின்ற பெண்மணி "கதவு" என்று பிரெஞ்சில் குரல் கொடுத்தார். பின்னால் இருந்தவர் "கதவு" என்றார். பிறகு பஸ் முழுவதும் சொன்னது. சாரதி நிறுத்தினார். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, கதவைத் தள்ளி இறங்கி, நடைபாதையில் நின்று, போய்க்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்து "ஸொறி" என்றேன்.

இதைக் கேட்டுவிட்டு வாசுகி அக்கா சிரிக்கவில்லை. "அங்கை லண்டனிலை உன்ரை வாயைத் தைச்சு விட்டிருக்கிறாங்களோ?" என்றார்.

அக்காவுக்குத் தையல்தான் தொழில். என்னிலும் எட்டு வயது மூத்தவர். நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் போனோம். எனக்கு அப்போது ஐந்து வயது. ஒன்பது வருடத்துக்கு முன் கல்யாணம் முடித்து மொன்றியல் வந்தவர், மொன்றியல்-நோர் பகுதியில் இரண்டாம் மாடி வீடொன்றில் இருந்து ஊர்ச்சனம் முழுவதற்கும் சாறி பிளவுஸ் தைக்கிறார். அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. வீடு மாறுகிறோம், நாலு பெட்டி தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று அக்கா கட்டளையிட்டதால்தான் இந்தப் பயணம்.

பெட்டியை வைத்ததும் "புட்டு இருக்கு, சாப்பிடன்" என்றார். "வேண்டாம் அக்கா, பிளேனிலை சாப்பிட்டனான்" என்றேன். "சரி" என்று சட்டியை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் மூன்று தரம் கேட்பார்கள். லண்டனில் இரண்டு தரம். மறுப்பது ஒரு மரியாதை, மறுத்ததை மறுப்பது விருந்தோம்பல். என்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவர், ஒன்பது வருடத்தில், ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டுப் புட்டைப் பூட்டிவிட்டார்.

பின்னேரம் கீழ்வீட்டு ஜினெட் மேலே வந்தார். ஓய்வு பெற்ற தாதி, ஊர் கியூபெக்கின் வடக்குப் பக்கம் எங்கோ. வந்ததும் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பிறகு என் வயது, வேலை, சம்பளம், காதலி உண்டா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று வரிசையாகக் கேட்டார். லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஆறு வருடமாக அங்கே இருக்கிறார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. காரின் நிறம் தெரியும். ஜினெட் ஐந்து நிமிடத்தில் எனக்குப் பல்லில் கூச்சம் இருக்கிறது என்பதுவரை அறிந்துகொண்டார். போகும்போது மேப்பிள் மரத்தின் இனிப்புப் பாணி ஊற்றிச் சுட்ட பலகாரம் ஒன்று வீட்டில் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். "இல்லை, இல்லை, பரவாயில்லை" என்றேன். "நல்லது" என்று இறங்கிப் போய்விட்டார். அன்று பசியோடு படுத்தேன்.

இரண்டாம் நாள் சாமான் கட்டினோம். அத்தான் அடுப்பைச் சுவரிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"கொண்டு போகத்தான் தம்பி."

"அடுப்பையோ?"

"ஃபிறிட்ஜையும்தான். இஞ்சை வாடகை வீட்டிலை கனபேர் தங்கடை அடுப்போடைதான் திரியிறது. நத்தை மாதிரி."

அடுப்பு என்பது வீட்டுக்கு உரியது, சுவர்போல, என்றே நான் இதுவரை நினைத்திருந்தேன். அந்த வீட்டின் படி வெளிப்பக்கத்தில் இருக்கிறது; இரும்பு, ஒடுக்கம், பாதியில் ஒரு வளைவு. வருடத்தில் ஐந்து மாதம் பனி கொட்டும் ஊரில் படியை வீட்டுக்கு வெளியே கட்டிய மனிதரை ஒருமுறை சந்திக்க ஆசை. அந்த வளைவில் ஒரு குளிர்சாதனப் பெட்டி எப்படித் திரும்பும் என்று கற்பனை செய்து பார்த்தேன். திரும்பவில்லை.

தையல் அறையில் அக்காவின் லாச்சி அலுமாரி நின்றது. கடும் மண்ணிறம், இடுப்புயரம், இழுத்துத் திறக்கும் நாலு லாச்சி, பித்தளைப் பிடி. "இதிலை மட்டும் கவனம்" என்றார் அக்கா. கீழ் லாச்சியில் ஒரு கல்யாணக் கூறைச் சேலை இருந்தது. அத்தானோடு வேலை செய்யும் ஒருவரின் மகளுக்குச் சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை பகுதி எடுத்துக் கொடுத்த கூறையைக் கரை அடிக்கவும் பிளவுஸ் தைக்கவும் அக்காவிடம் தந்திருந்தார்கள். பிளவுஸ், கூறையோடு வந்த துணியிலேயே வெட்டியது. கைகளுக்கு மணிவேலை அக்காவே ஊசியால் கோக்கிறார். மேல் லாச்சி மெல்லியது, இறுகினது. அதைத் தூக்கி இழுத்தால்தான் வரும். அதற்குள் ஊசி, மணி, வேலையில் இருக்கும் துணி. "உதுக்கை கை வையாதை" என்றார்.

மூன்றாம் நாள் ஜூலை ஒன்று. காலையில் தெருவைப் பார்த்ததும் ஊருக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பயந்துபோனேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரு லொறி. படிகளில் மெத்தைகள் தாமாக இறங்கிவந்தன. நடைபாதையில் அடுப்பு, கட்டில், குழந்தைகளின் சைக்கிள், கூட்டுக்குள் ஒரு கிளி.

"என்னக்கா இது?"

"என்னது, வீடு மாறினம். எல்லாருக்கும் வாடகை எழுத்து இண்டைக்குத்தான் முடியிறது."

முழு நகரமும் ஒரே நாளில் வீடு மாறுகிறது. அந்த வீட்டுக்காரர் போனால்தான் இந்த வீட்டுக்காரர் அங்கே போகலாம். எங்கள் பழைய வீட்டுக்கு வரப்போகிறவர்கள் மத்தியானம் வருவார்கள். லண்டனில் ஒரு குடும்பம் வீடு மாறினால் அது ஒரு துக்கச் செய்திபோல், திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்க்கும் விஷயம். இங்கே அது திருவிழா. ஆட்களுக்குக் கூலி பீட்சாவும் பியரும்.

குளிர்சாதனப் பெட்டி நான் கணித்த இடத்திலேயே சிக்கியது. அத்தான் மேலே, நான் கீழே. நாயோடு போய்க்கொண்டிருந்த இருவர் நின்றார்கள். நாயைப் படிக்கம்பியில் கட்டினார்கள். ஒரு சொல் பேசாமல் ஏறி வந்து ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். பெட்டி திரும்பியது, இறங்கியது, லொறியில் ஏறியது. அவர்கள் நாயை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். பெயர் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. சற்று நேரத்தில் எதிர்வீட்டுப் பெடியன் ஒருவன் வந்து அடுப்பைப் பிடித்தான். தூக்குகிறவனிடம் கேள்வி கேட்கக்கூடாது, நன்றி மட்டும் சொல்லவேண்டும் என்று பாடம் படித்துக்கொண்டேன். அந்தப் பாடம்தான் என்னைக் கவிழ்த்தது.

அத்தான் முதல் லொறியைக் கொண்டு போனார். புதிய வீடு நாலு தெரு தள்ளித்தான். அக்கா மேலே நூல்பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறைக்குரிய சாமான்களோடு நான் கீழே காவல். சாமான்கள் நடைபாதையை மறித்திருந்தன. குழந்தை வண்டியோடு வந்த ஒரு தாய் வீதியில் இறங்கிச் சுற்றிப் போகவேண்டி வந்தது. என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் வீதியோரத்துக்கு நகர்த்தி, பெரியது பின்னால், சிறியது முன்னால் என்று அழகாக அடுக்கினேன். பக்கத்து வீட்டார் ஏற்கனவே அங்கே ஒரு மெத்தையும், மூடியில்லாத விளக்கும், மூன்று கால் கதிரையும் வைத்திருந்தார்கள். அந்தக் கதிரையையும் எங்கள் வரிசைக்கு நேராக்கி விட்டேன்.

ஒரு சோடி வந்தது. அவனுக்குச் செம்பட்டைத் தாடி. அவள் குட்டை முடி, தோளில் கயிறு. அவள் லாச்சி அலுமாரியைத் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் புன்னகையோடு தலையாட்டினேன்: ஆம், அதுவும் போகவேண்டியதுதான். இருவரும் தூக்கினார்கள். நான் "நன்றி" என்றேன். அவர்களும் "நன்றி, நன்றி" என்றார்கள். என்ன பண்பான சனம் என்று நினைத்தேன். "கவனம், பாரம்" என்று பள்ளிக்கூடப் பிரெஞ்சில் சொல்லியும் விட்டேன். அவர்கள் முடக்கில் திரும்பினார்கள். லொறி இனி முடக்கில்தான் நிற்கும் என்று அத்தான் சொல்லியிருந்தார்.

அத்தான் வந்தார். எண்ணினார்.

"லாச்சி அலுமாரி எங்கை?"

"அவை கொண்டு போச்சினம்."

"ஆர் அவை?"

"உங்கடை ஆக்கள்."

"எனக்கு எந்த ஆக்கள்?"

சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்தார். வீதியோரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படியில் அப்படியே உட்கார்ந்தார். ஜூலை ஒன்றில் வீதியோரத்தில் வைப்பது எல்லாம் வேண்டியவர் எடுத்துப் போவதற்கு. இது மொன்றியலில் தவழும் பிள்ளைக்கும் தெரியும்.

"கூறையடா" என்றார் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. "மாப்பிள்ளையின்ரை தாய் விரதம் இருந்து எடுத்த கூறை. பிளவுஸ் பிழைச்சால் வேறை துணியிலை தைக்கலாம். கூறை துலைஞ்சது எண்டு நான் அந்தப் பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லுறது?"

ஏதாவது அறிவித்தல் ஒட்டலாமா என்றேன். இணையத்தில் போடலாமா என்றேன். அக்கா எழுந்து சேலையை இழுத்துச் செருகினார்.

"கதவு தட்டப் போறன்."

"தெரியாத ஆக்களின்ரை கதவையோ?"

"தெரிஞ்ச ஆக்கள் எடுத்திருந்தால் ஃபோன் அடிச்சிருப்பனே. வா."

அரை மணித்தியாலத்தில் பதினைந்து கதவுகள். ஒவ்வொரு கதவிலும் நான் "தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும்" என்று தொடங்க, அக்கா என்னை இடித்துத் தள்ளிவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இதற்குள் ஜினெட் தன் வாசலில் நின்று எதிர் மேல்மாடத்துக்குச் சத்தம் வைத்தார்: "வாசுகியின் தம்பி, அந்த இங்கிலீஷ்காரன், கல்யாணப் பெண்ணின் சேலையைத் தெருவில் வைத்துக் கொடுத்துவிட்டான். சிவப்புத் தாடிக்காரனைக் கண்டீர்களா?" எதிர் மாடம் அடுத்த மாடத்துக்குச் சொன்னது. செய்தி எங்களை முந்திக்கொண்டு ஓடியது. மூன்றாம் தெருவில் நாங்கள் திரும்பும்போது, இங்கிலீஷ்காரன் ஒருவன் கல்யாணத்தையே நிறுத்திவிட்டானாம் என்று ஒரு கிழவர் எனக்கே சொன்னார்.

எனக்கு அந்த நிலைமையிலும் ஒன்று உறைத்தது. இருபத்தொரு வருடம் இங்கிலாந்தில் இருக்கிறேன். அங்கே படித்தேன், அங்கே வரி கட்டுகிறேன், அந்த மழையைப் பற்றி அந்த மனிதர்களைப்போலவே குறை சொல்கிறேன். அங்கே ஒருவர்கூட ஒருநாளும் என்னை இங்கிலீஷ்காரன் என்று சொன்னதில்லை. எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். மொன்றியல் மூன்றே நாளில் சொல்லிவிட்டது. அதுவும் தெருத்தெருவாக.

நாலாவது தெருவில், தன் அடுப்பின்மேல் உட்கார்ந்து பீட்சா சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் வாயில் பீட்சாவோடு கையை மட்டும் நீட்டினார். மூன்றாம் வீடு, மேல்மாடி.

நாங்கள் தட்டவில்லை. படியில் பாதி ஏறும்போதே குட்டை முடிக்காரி கையில் ஒரு பையோடு இறங்கி வந்தாள். பெயர் அனயிஸ் என்றாள். தாடிக்காரன் மாத்தியூ. கீழ் லாச்சியைத் திறந்ததும் இது எறிந்த சாமான் இல்லை என்று இருவருக்கும் விளங்கிவிட்டதாம். கையில் பீட்சா எண்ணெய் இருந்ததால் நேரே தொடாமல், சுத்தமான படுக்கை விரிப்பால் பிடித்து எடுத்து, விரிப்போடு சுற்றிப் பையில் வைத்திருந்தாள். நடு லாச்சிகள் இரண்டிலும் இருந்த பிளவுஸும் துணிகளும் மடிப்புக் கலையாமல் அதே பையில் இருந்தன. அக்கா அவளைக் கட்டிப்பிடித்தார். அவளும் பிடித்தாள். முன்பின் தெரியாத இரண்டு பேர்.

அறையில் ஒரு மெத்தை, இரண்டு தட்டு, ஒரு பூஞ்சாடி. அவற்றுக்கு நடுவில் அக்காவின் அலுமாரி. மாத்தியூ அதைத் தூக்கித்தரக் குனிந்தான். அப்போது என் வாயிலிருந்து, நான் அழைக்காமலே, வெளியே வந்தது: "பரவாயில்லை, அலுமாரி உங்களிடமே இருக்கட்டும்."

இங்கிலாந்தில் இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. நான் கொடுக்கவேண்டும். அவர்கள் ஐயோ எப்படி எடுப்பது என்று பதறவேண்டும். நான் இன்னொரு தரம் சொல்லவேண்டும். அவர்கள் கட்டாயமாக மறுக்கவேண்டும். எல்லோரும் நல்லவர்களாகிப் பொருள் உரியவரிடம் திரும்பிவிடும்.

"நிச்சயமாகவா?" என்றாள் அனயிஸ்.

"நிச்சயமாக."

"மிகவும் நன்றி" என்றாள். மாத்தியூ பூஞ்சாடியைத் தூக்கி அதன்மேல் வைத்தான்.

படி இறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆரின்ரை அலுமாரியடா குடுத்தனி?"

"அவை வேண்டாம் எண்டு சொல்லுவினம் எண்டு நினைச்சன் அக்கா."

"ஏன் சொல்லவேணும்? நீ குடுத்தாய், அவை எடுத்தினம். விருப்பமில்லாட்டில் ஏன் குடுத்தனி?"

நான் பையை வாங்கித் தோளில் போட்டேன்.

"ஒரு சாமானை ஒரே நாளிலை ரெண்டு தரம் தானம் குடுத்தவன் உலகத்திலை நீ ஒருத்தன்தான்" என்றார். புதிய வீட்டில் அத்தான் இதைக் கேட்டு நிலத்தில் இருந்து சிரித்தார். அந்த அலுமாரியை அவரே ஒன்பது வருடத்துக்கு முன், இதே ஜூலை ஒன்றில், வீதியோரத்திலிருந்து தூக்கி வந்தவராம்.

அடுத்தநாள் காலை அக்கா கூப்பிட்ட குரலில் எழும்பினேன். நிலத்தில் கூறை பிளவுஸை விரித்து வைத்திருந்தார். அதற்கு ஒரு கைதான் இருந்தது.

"மற்றக் கை மேல் லாச்சிக்கை" என்றார். "மணி கோத்துக்கொண்டிருந்தனான். உவை அதைத் திறந்திருக்க மாட்டினம். தூக்கி இழுக்கத் தெரியாது." துணி இனி இல்லை, கூறையோடு வந்த துண்டு அவ்வளவுதான். இன்றைக்குத் தைத்து முடித்தால்தான் நாளை மணமகள் போட்டுப் பார்க்கலாம்.

"நீங்களும் வாங்கோ அக்கா."

"எனக்கு அடுப்புப் பூட்ட ஆள் வருது. நீ குடுத்தனி, நீயே போய் வாங்கு."

தனியே போனேன். அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முன்னறிவித்தல் இல்லாமல், நம்பர் இல்லாமல், காலை எட்டரைக்கு, தெரியாதவர்களின் கதவு. அக்காவின் வீட்டில் ஒரு கை இல்லாத பிளவுஸ். தட்டினேன்.

அனயிஸ் மாவுக் கையோடு திறந்தாள். சொன்னேன். பூஞ்சாடியை எடுத்தாள். நான் மேல் லாச்சியைத் தூக்கி இழுத்தேன். வந்தது. மணிகளுக்கு நடுவில் ஊசி குத்தியபடி அந்தக் கை இருந்தது. (சனிக்கிழமை அது மணவறையில் மற்றக் கையோடு சேர்ந்து சபையைக் கும்பிட்டதை நானே பார்த்தேன்.) அதை மடித்து நெஞ்சுப் பையில் வைத்தேன்.

"அப்பம் சுடுகிறேன். சாப்பிடுகிறாயா?"

"ஓம்" என்றேன். முதல் தடவையிலேயே. தமிழில் வேறு. அவளுக்கு விளங்கிவிட்டது.

மேப்பிள் பாணியில் ஊறிய மூன்று அப்பத்தை நான் முடித்த பிறகு அவள் சாவகாசமாகக் கேட்டாள்: "நேற்று இதை நீ உண்மையாகவே கொடுக்க விரும்பினாயா? உன் அக்காவின் முகம் அப்படிச் சொல்லவில்லை."

"இல்லை" என்றேன்.

"அதைச் சொல்லியிருக்கலாமே" என்றாள். கோபம் இல்லை, கேலியும் இல்லை. மழை வரும் என்றால் குடை எடுத்திருக்கலாமே என்பதுபோல. மாத்தியூ எழுந்து காலில் சப்பாத்தைப் போட்டான்.

மூவருமாக அலுமாரியை அக்கா வீட்டுக்குத் தூக்கினோம். இரண்டாம் தெரு முடக்கில் இளைப்பாற, வீதியோரமாக அலுமாரியை இறக்கி வைத்தோம். கைவண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு முதியவர் நின்று, பித்தளைப் பிடியைத் தட்டிப் பார்த்தார். கொடுக்கிறீர்களா என்று கேட்டார். அனயிஸும் மாத்தியூவும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லை" என்றேன். "இது என் அக்காவுடையது."

'ஸொறி' தொண்டைவரை வந்தது. அதை அங்கேயே நிறுத்திவைத்தேன். அவர் "நல்ல அலுமாரி" என்று சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் குனிந்து தூக்கினோம்.